ஒன்பது நாள் முன்னதாக

எங்கள் தெருக் குழாயடியில் முதல் குடம் எப்போதும் அவருடையதுதான். அந்த வருஷங்களில் கோவில்பட்டியில் நான்கு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வந்தால் அது நல்ல வாரம். காலை ஐந்தரைக்குக் குழாய் திறக்கும். நான் ஐந்து மணிக்குப் போவேன். எனக்கு முன்னால் ஏழெட்டுக் குடங்கள் இருக்கும். அவற்றுக்கெல்லாம் தலைமாட்டில், கழுத்தில் சிவப்பு நூல் சுற்றிய அவருடைய பித்தளைக் குடம். பக்கத்தில் அவர் நிற்பார். உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பின்னால் வருகிற குடங்களை ஒரு சாண் இடைவெளியில், நூல் பிடித்தாற்போல் நகர்த்தி வைப்பார்.

“ஏ பட்டாளத்துக்காரரே, குடத்துக்கெல்லாம் லெப்ட்டு ரைட்டு சொல்லிக் குடுத்தாச்சா?” என்று பெண்கள் கேட்பார்கள்.

“குடத்துக்குச் சொல்லிக் குடுத்தாச்சு. தண்ணிதான் இன்னும் படிய மாட்டேங்குது,” என்பார், சிரிக்காமல்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் மில்லில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அடையாளம் தெரியாது. ‘அரைப்பட்டாளம்’ என்றால்தான் தெரியும்.

நான் அப்போது ஊருக்கு வெளியே இருந்த ஒரு சிறிய நூல் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். அந்த மில் இன்று இல்லை, பெயரும் வேண்டாம். தொழிலாளர் வருகைப் பதிவேடு என் பொறுப்பு. வந்தவருக்கு ‘பி’, வராதவருக்கு ‘ஏ’, விடுப்பு எழுதிக் கொடுத்தவருக்கு ‘எல்’. பதிவேட்டில் அடித்துத் திருத்திய இடம் ஒன்றுகூட இருக்காது என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. அவர் நூற்புப் பிரிவில் இருந்தார். வருஷத்தில் பத்து மாதம் மில் தொழிலாளி. சித்திரையும் வைகாசியும் சிப்பாய்.

இந்த நாட்டில் இப்படி ஒரு பகுதிநேரப் படை உண்டு என்பது எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கும் அவர் சொல்லித்தான் தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் ஆரம்பித்து, சுதந்திரத்துக்குப் பிறகு புதிதாகக் கட்டியமைத்த படை. சமாதான காலத்தில் வருஷத்துக்கு இரண்டு மாதம் முகாமில் பயிற்சி. மற்ற நாளெல்லாம் அவரவர் ஊரில் அவரவர் வேலை. சண்டை வந்தால் உத்தரவு போட்டுக் கூப்பிடுவார்கள். இவர்கள் போய்ப் பாலத்துக்கும் விமான நிலையத்துக்கும் ரயில் பாதைக்கும் காவல் நிற்பார்கள். அங்கே நின்றுகொண்டிருந்த முழுநேரச் சிப்பாய் எல்லைக்குப் போவான். அதிகாரிகளிலும் பெரும்பாலோர் இப்படித்தான். ஊரில் வக்கீலாகவும் வாத்தியாராகவும் இருப்பவர்கள் இரண்டு மாதத்துக்குத் தோளில் நட்சத்திரம் குத்திக்கொள்வார்கள். பயிற்சி கொடுக்க மட்டும் நிரந்தரப் பட்டாளத்து ஆட்கள் சிலர் இருப்பார்கள்.

இரண்டு விதிகளை அவர் விரல் மடக்கிச் சொல்வார். ஒன்று, ஊரில் வேலையோ தொழிலோ உள்ளவனைத்தான் சேர்ப்பார்கள். பிழைப்பில்லாதவனுக்கு அங்கே இடம் கிடையாது. இரண்டு, உத்தரவு வந்து போகிறவனை முதலாளி வேலையை விட்டு நீக்கக் கூடாது; திரும்பி வந்ததும் அதே இடத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். “இது ரெண்டு கால் உள்ள படை சார். ஒரு காலு மில்லுல, ஒரு காலு முகாமுல,” என்று ஒருமுறை சொன்னார். எனக்கு அந்த வாக்கியம் பிடித்திருந்தது. அன்றைய டயரியில் எழுதி வைத்திருக்கிறேன்.

‘அரைப்பட்டாளம்’ என்று பெயர் வைத்தவர் மில் வாசல் காவலாளி. பதினேழு வருஷம் முழுநேரப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு வந்தவர். பெரிய மீசை. அவருக்கு இவரைக் கண்டால் வாய் சும்மா இருக்காது.

“என்ன வே அரைப்பட்டாளம், துப்பாக்கியாவது முழுசாக் குடுக்காவளா, இல்ல அதுவும் பாதிதானா?”

“முழுசுதான் அண்ணாச்சி. சுடும்போது மட்டும் உங்கள நெனச்சுக்கிடச் சொல்லுவாக.”

“என்னத்துக்கு வே?”

“குறி பெருசா இருக்கணும்லா.”

காவலாளி வயிறு குலுங்கச் சிரிப்பார். அவர்கள் இருவருக்கும் இடையில் இருந்தது பகை இல்லை. ஆனால் காவலாளி ஒருநாளும் அவரைத் தன்னோடு சேர்த்து ‘நாங்க பட்டாளத்துல’ என்று பேசியதில்லை. அந்த ‘நாங்க’வுக்காக இவர் ஏங்கினார் என்று எனக்குத் தோன்றும்.

ஆறு மணி ஷிப்டுக்கு அவர் ஐந்தரைக்கே வாசலில் நிற்பார். தண்ணீர் வரும் நாளில் மட்டும் ஐந்தே முக்கால். எந்தப் பஸ்ஸுக்கும் அரை மணி நேரம் முன்னால் போவார். வீட்டில் ஒரு பச்சை டிரங்குப் பெட்டி எப்போதும் கட்டித் தயாராக இருக்கும். உள்ளே மடித்த உடுப்பு, பாலிஷ் டப்பா, பூட்ஸில் ஒட்டும் கரிசல் மண்ணைச் சுரண்டுவதற்கு ஓர் ஓட்டுச் சில்லு. முகாமுக்குச் சித்திரையில் இன்ன தேதி வா என்று தாள் வந்தால் இவர் இரண்டு நாள் முன்னால் போய் இறங்குவார். அவருடைய மனைவி கழுகுமலைக்காரர். வீட்டிலிருந்தபடி தீப்பெட்டிக்குப் பெட்டி ஒட்டுகிறவர். குழாயடியில் ஒருநாள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“கல்யாணத்துக்கும் இப்டித்தான் வந்தாவ. விடிஞ்சா நாளைக்கு முகூர்த்தம். முந்துன நாள் மத்தியானமே மாப்பிள்ள தனியா பஸ்ஸுல வந்து எறங்கி நிக்காவ. எங்க ஐயா பந்தலுக்குக் கம்பு ஊனிக்கிட்டிருக்காவ. இவிய மேல்சட்டையக் கழத்திப் போட்டுட்டுக் கூடச் சேந்து குழி தோண்டுதாவ!”

“குழி ஆழம் காணல. அதான்,” என்றார் அவர்.

யார் கேட்டாலும் அவருக்கு ஒரே பதில்: “முன்னால வந்தவனைத் திருப்பி அனுப்புன பட்டாளம் கிடையாது.”

இதற்கு ஒரு காரணம் இருந்தது. என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார். சீனச் சண்டைக்குப் பிறகு ஆள் எடுத்தபோது அவர் சேர்ந்தார். அடுத்து அறுபத்தைந்தில் பாகிஸ்தானோடு சண்டை வந்தது. படையில் அவர் கொடுத்திருந்த விலாசம் பசுவந்தனைக்கு அந்தப்பக்கம் உள்ள அவருடைய கிராமம். தந்தி அங்கே போயிற்று. அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. ஓடையில் வெள்ளம். அவருடைய அண்ணன் வெள்ளம் வடியும்வரை காத்திருந்து, மூன்றாம் நாள்தான் தந்தியை மில்லுக்குக் கொண்டு வந்தார். இவர் போய்ச் சேர்ந்தபோது பட்டாளம் ரயிலேறிப் போயிருந்தது. காலிக் கூடாரங்களுக்குக் காவலாக இவரையும் ஒரு சமையல்காரரையும் விட்டுவைத்தார்கள்.

“வெங்காயம் உரிச்சேன் சார். ஒரு யுத்தம் பூரா வெங்காயம் உரிச்சேன்.”

இன்னொரு காரணம் எங்கள் மண்ணில் இருந்தது. அவர்கள் ஆடு மேய்க்கிற குடும்பம். அண்ணன் பெயரில் பட்டா உள்ள கொஞ்சம் மானாவாரி நிலம் உண்டு. அதில் விதைப்பு மட்டும் இவர் பொறுப்பு. கரிசலில் மழை பெய்த பிறகு இறங்க முடியாது. மனிதன் காலையும் மாட்டின் காலையும் மண் பிடித்துக்கொள்ளும். அதனால் புரட்டாசியில், மேகமே இல்லாத வெயிலில், காய்ந்த புழுதியிலேயே விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். மழை சொன்ன நாளில் வந்தால் முதல் பயிர் அவர்களுடையது. பத்து நாள் தள்ளினால் விதை எறும்புக்கு. இவர் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் முன்னால் விதைப்பார். சில வருஷம் எறும்புக்கும் போட்டிருக்கிறார். “புழுதியில போடாதவனுக்கு மழ வந்து என்ன, போயி என்ன?” என்பார்.

மில்லுக்குள் என்னை ‘சார்’ என்பார். வாசலைத் தாண்டினால், குழாயடியில், ‘அண்ணாச்சி’. இந்த எல்லையை ஒருநாளும் மாற்றியதில்லை. அவருக்கு இருந்த ஒழுங்கில் எனக்கு மரியாதை உண்டு. நானும் அப்படிப்பட்டவன்தான் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் நாங்கள் இருவரும் நின்றிருந்தோம். எதிர்க் கடையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வடை தின்றுகொண்டிருந்தார். இவர் கையிலிருந்த பையை என்னிடம் கொடுத்துவிட்டு, நேராக அவர் முன்னால் போய்க் குதிகாலைச் சேர்த்து அடித்து ஒரு சல்யூட் வைத்தார். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. அந்த மனிதர் வலது கையில் பாதி வடையோடு தடுமாறினார். வடையை இடது கைக்கு மாற்றிவிட்டு, எண்ணெய் விரல்களோடு பாதி சல்யூட் வைத்தார்.

“இங்க வேண்டாம்ப்பா, ஊர்ல நான் இன்ஷூரன்ஸ்காரன்,” என்றார் மெதுவாக.

அவர்தான் முகாமில் இவருடைய படைப்பிரிவின் கேப்டன். இவர் திரும்பி வந்து, பையை வாங்கிக்கொண்டு, “நல்ல மனுசன் அண்ணாச்சி. ஆனா முகாமுக்கு ஒரு நாள் பிந்தித்தான் வருவாரு,” என்றார். அது ஒன்றுதான் அவரிடம் இவர் கண்ட குறை.

எழுபத்தொன்று கார்த்திகையில் கிழக்கே சண்டை மூளப் போகிறது என்று ரேடியோவில் தினமும் பேச்சு. ஒரு திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு அவர் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார். வேலை உடுப்பில் இல்லை. கையில் அந்தப் பச்சைப் பெட்டி.

“சார், போறேன்.”

“எங்க?”

“பட்டாளத்துக்கு. சண்டை வருது.”

“கூப்பிட்டுத் தாள் வந்திருக்கா?”

“பின்னால வரும்.”

“வந்த பிறகு போகலாமே?”

“அறுவத்தஞ்சுல அப்படித்தான் இருந்தேன்.”

நான் மேசை இழுப்பறையைத் திறந்து விடுப்புப் படிவம் ஒன்றை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினேன். “அப்ப இதை எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. தாள் வருகிற வரைக்கும் லீவு.”

அதை வாங்கிப் பார்த்தார். “சடங்கு வீட்டுக்கும் வயித்துப்போக்குக்கும் எழுதுத தாள்லா சார் இது. இதுல சண்டைன்னு எழுதச் சொல்லுதியளா?”

“காரணம்னு ஒரு கோடுதான் இருக்கு. சொந்த வேலைன்னு எழுதுங்க. போதும்.”

அவர் படிவத்தை மடிக்காமல், கசங்காமல் திருப்பி ஜன்னலில் வைத்தார்.

“சொந்த வேலைக்குப் போவலியே சார். உங்ககிட்ட சொல்லிட்டேன். வாரேன்.”

வாசலில் காவலாளியின் குரல் கேட்டது. “கூப்பிடாம விருந்துக்குப் போறவன் உண்டு வே. கூப்பிடாம சண்டைக்குப் போறவன் நீரு ஒருத்தர்தான்!”

அன்று அவர் பெயருக்கு நேரே ‘ஏ’ போட்டேன். மறுநாளும் ‘ஏ’. வாரவிடுமுறை நீங்கலாக எண்ணி ஒன்பது ‘ஏ’. அதற்குப் பிறகுதான் மில்லுக்கு உத்தரவின் நகல் வந்தது. இன்ன தேதியிலிருந்து இன்னார் படையில் பணிக்கு அழைக்கப்பட்டிருக்கிறார் என்று. அந்தத் தேதியிலிருந்து சிவப்பு மையில் ‘பட்டாளப் பணி’ என்று எழுதினேன். அழகாக எழுதினேன்.

முகாமில் அந்த ஒன்பது நாளும் அவருக்குச் சோறு போட்டிருக்கிறார்கள், படுக்க இடம் கொடுத்திருக்கிறார்கள். யாரும் போ என்று சொல்லவில்லை. ஆனால் உத்தரவுத் தேதியிலிருந்துதான் பெயர் பதிந்தார்கள். ஆகவே அந்த ஒன்பது நாள் அவர் எங்குமே இல்லை. மில்லின் பதிவேட்டில் இல்லை. பட்டாளத்தின் பதிவேட்டிலும் இல்லை.

சண்டை இரண்டு வாரத்தில் முடிந்தது. அவரை எட்டு மாதம் கழித்துத்தான் விட்டார்கள். வடக்கே எங்கோ ஒரு ரயில் பாலத்துக்குக் காவல். ஆடி மாதம் ஒரு காலை, கறுத்து மெலிந்து, வழக்கம்போல ஐந்தரைக்கு மில் வாசலில் நின்றார்.

“எதிரியப் பாத்தீரா வே?” என்றார் காவலாளி.

“பாலத்தப் பாத்துக்கிட்டேன்.”

“பாலம் எங்கயாவது ஓடிருமா வே?”

“ஓடலல்லா? நான் பாத்துக்கிட்டதுனாலதான்.”

காவலாளி சிரிக்க வாயெடுத்து, சிரிக்காமல் நிறுத்திக்கொண்டார். இவரை விடுவித்த தாள் மில்லுக்கு வந்திருந்தது; வந்தால் உள்ளே விட வேண்டாம் என்று முந்தின நாள் மாலையே மானேஜர் சொல்லியிருந்தார்.

மில்லின் விதி ஒன்று உண்டு. தகவல் இல்லாமல் தொடர்ந்து எட்டு வேலை நாளுக்கு மேல் வராதவர் வேலையைத் தானாக விட்டுவிட்டதாகக் கொள்ளலாம். வருஷா வருஷம் இரண்டு மாதம் அவர் இடத்துக்குப் பதிலாள் தேடுவதில் மானேஜருக்குச் சலிப்பு. மின்வெட்டு வேறு. ஆளைக் குறைக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்த நேரம். பட்டாளத்துக்குப் போனதற்காக நீக்க முடியாது, சட்டம் இருக்கிறது. அதற்கு முந்தின ஒன்பது நாளுக்குச் சட்டம் இல்லை. யூனியன்காரர்கள் “பட்டாளத்து விவகாரம், நமக்கு என்னத்துக்கு?” என்று ஒதுங்கிவிட்டார்கள்.

மானேஜர் அறையில் விசாரணை நடந்தது. மானேஜர், அவர், பதிவேட்டோடு நான்.

“நாட்டுக்காகப் போனீங்க. மில்லுக்கே பெருமை. அந்த எட்டு மாசத்தைப் பத்தி நான் பேசவே இல்ல,” என்றார் மானேஜர். “அதுக்கு முந்தி ஒன்பது நாள். அது யாரு கூப்பிட்டுப் போனீங்க?”

“சண்டை வருதுன்னு தெரிஞ்சுது சார்.”

“யாரு கூப்பிட்டா?”

மானேஜர் என் பக்கம் திரும்பினார்.

“தகவல் ஏதாவது குடுத்தாரா?”

“எழுத்து மூலமாக ஒன்றும் வரவில்லை சார்,” என்றேன்.

நான் சொன்னதில் பொய் ஒரு எழுத்து இல்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. வரிசையிலிருந்து ஒரு விரற்கடை விலகி நிற்கிற குடத்தை அவர் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். ‘உங்களிடம்தானே சொல்லிவிட்டுப் போனேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இல்லை என்று சொல்லியிருக்க மாட்டேன். அப்படித்தான் இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன். அவர் சொல்லவில்லை.

“ரிஜிஸ்தர்ல உள்ளது சரிதான் சார். அந்த ஒன்பது நாளு நான் வரல்ல,” என்றார்.

மானேஜர் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் வாசலில் காவலாளி என் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினார். “அன்னைக்கு அவன் ஜன்னல்ல ஒம்மகிட்ட சொன்னது எனக்குக் கேட்டுது வே. நான் சொல்லியிருப்பேன்.”

“வந்து சொல்லியிருக்கலாமே.”

“என்னைக் கூப்பிடலியே,” என்றார் அந்த முழுப்பட்டாளம். “கூப்பிடாம நான் எப்படி வாரது?”

அடுத்த தண்ணீர் நாளில் அவருடைய மனைவி குழாயடியில் எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டார்: “ஏ அண்ணாச்சி, அவிய உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே போனாவ?”

“எழுதிக் கொடுக்கலையேம்மா.”

“வாயால சொன்னா உங்களுக்குக் காதுல விழாதோ?”

“ஏட்டி, சும்மா இரி. அது அண்ணாச்சி வேல,” என்றார் அவர். என் குடத்தை வழக்கம்போல ஒரு சாண் இடைவெளிக்கு நகர்த்தி வைத்தார். நான் தலைகுனிந்து தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகு அவர் சுமை தூக்கினார், சுண்ணாம்பு அடித்தார், கிடைத்ததைச் செய்தார். டிரங்குப் பெட்டி கட்டியபடியே இருந்தது. மறுவருஷம் பங்குனியில் முகாமுக்குத் தாள் வந்தது. அதோடு இன்னொரு தாளும் வந்தது: இப்போது பார்க்கும் வேலைக்கு முதலாளியிடமிருந்து ஒரு சான்று கொண்டுவர வேண்டும். அவர் என் வீட்டுக்கு வந்தார். முன்பு ஒருமுறைகூட வீட்டுக்கு வந்ததில்லை. வாசல்படிக்குக் கீழேயே நின்றார்.

“அண்ணாச்சி, மில்லுல வேல பாக்குதாருன்னு ஒரே ஒரு வரி. மில்லு தாள்ல நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும். பட்டாளத்துல மில்லுக்கு எழுதிக் கேக்கப் போறதில்ல.”

“இப்ப நீங்க அங்க வேலை பார்க்கலையே.”

“பாக்கல. அந்த வேலதான் போச்சு. இதாவது இருக்கட்டும் அண்ணாச்சி. ஒரு காலாவது ஊனி நிக்கேன்.”

நிலம் இருந்ததே, விவசாயி என்று சான்று வாங்கலாமே என்று நான் கேட்டேன். பட்டா அண்ணன் பெயரில் என்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் கேட்டேன். பிறகு நான் உள்ளே போய் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தேன். இன்ன வருஷம் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை இவர் மில்லில் பணிபுரிந்தார், நடத்தை நன்று. இரண்டு தேதிகளும் சரியானவை. அவர் வாங்கி மெதுவாக எழுத்துக்கூட்டிப் படித்தார். இரண்டாவது தேதியில் விரலை வைத்து நிறுத்தினார்.

“இது உண்மைதான்,” என்றார். தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

முகாமுக்கு இந்த முறையும் இரண்டு நாள் முன்னால் போனார். நான்காம் நாள் மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பச்சைப் பெட்டி தோளில் இருந்தது. என்னைக் கண்டதும் இறக்கி வைத்தார்.

“அனுப்பிட்டாவ சார்.”

பஸ் ஸ்டாண்டில் நின்று அவர் என்னை ‘சார்’ என்றது அதுதான் முதல் முறை.

“கேப்டன் சாரு இருந்தாரு. இந்த வருசம் அவரும் முன்னாலயே வந்துட்டாரு. நீங்க எழுதுனதப் படிச்சாரு. வேல இல்லாதவன வச்சுக்கிட ரூல் இல்லப்பான்னாரு. அவரே பஸ்ஸுக்கு நேரமும் பாத்துச் சொன்னாரு. நல்ல மனுசன்.” பெட்டியைத் திரும்பத் தோளில் தூக்கினார். “உடுப்ப வாங்கிக்கிட்டாவ. பெட்டி நம்ம பெட்டி.”

பட்டாளத்துக்குப் போனதற்காக மில் அனுப்பியது. மில் அனுப்பியதற்காகப் பட்டாளம் அனுப்பியது. இதை நான் பல தடவை டயரியில் எழுதிப் பார்த்திருக்கிறேன். எங்கே பிழை என்று தேடினால் ஒவ்வொரு தாளும் சரியாக இருக்கிறது.

அடுத்த தண்ணீர் நாளில் சிவப்பு நூல் சுற்றிய குடம் முதலில் இல்லை. ஐந்தே முக்காலுக்கு வந்து கடைசியில் நின்றார். அதற்குப் பிறகு எப்போதும் கடைசிதான். புரட்டாசியில் அண்ணன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டும் விதைக்கப் போகவில்லை. மழை பெய்து, மண் ஆறிய பிறகு போனார். கழுகுமலை ரோட்டில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி காயவைக்கிற வேலை கிடைத்தது. அங்கே சங்கு ஊதிய பிறகுதான் உள்ளே நுழைவார் என்று கேள்விப்பட்டேன். காவலாளி இறந்தபோது, சவத்தை எடுத்த பிறகு, ஒரு மணி நேரம் கழித்து இவர் வந்து, அந்த வீட்டின் காலி வாசலில் நின்று ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போனாராம். குழாயடியில் குடங்கள் கோணல்மாணலாகக் கிடந்தன. பெண்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். அவர் தலையிடவில்லை.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு வறட்சி வருஷத்தில். ஒன்பது நாளாகத் தண்ணீர் வரவில்லை. எனக்கு முந்தின நாள் காய்ச்சல். ஆறு மணிக்குத்தான் குடத்தோடு போக முடிந்தது. வரிசை தெருமுனை வரை இருந்தது. கடைசியில் அவர் நின்றார். பித்தளைக் குடம் போய்ப் பிளாஸ்டிக் குடம் வந்திருந்தது. நான் என் குடத்தை அவருடையதற்குப் பின்னால் வைத்தேன்.

அவர் குனிந்து தன் குடத்தை எடுத்தார். என் குடத்துக்குப் பின்னால், சரியாக ஒரு சாண் இடைவெளி விட்டு வைத்தார்.

“முன்னால போங்க சார்.”

“நீங்கதானே முதல்ல வந்தீங்க?”

“அது எழுத்துலயா இருக்கு?” என்றார்.

வரிசை நகர்ந்தது. என் முறை வந்தபோது தண்ணீர் நூலாகத்தான் விழுந்தது. என் குடம் கழுத்துவரை நிறைந்தது. குழாய் இரண்டு முறை இருமி, காற்றை விட்டு நின்றது. திரும்பிப் பார்த்தேன். அவர் காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு, அவசரமில்லாமல் நடந்து போய்க்கொண்டிருந்தார்.

அன்றைய டயரியில் இருப்பது இவ்வளவுதான்: ‘குழாய் 5.30 முதல் 6.40 வரை. ஒரு குடம் கிடைத்தது.’